ராசா கன்னத்தில் ஒரு வெட்டு

சுண்டங்குளம் கண்மாய்க்குள் அந்தப் பானை உடைந்தபோது செவ்வாய்க்கிழமை காலை மணி பத்தரை. நேரத்தை இவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் தங்கமாரிதான். வேலைக்கு வந்தவர்களின் படத்தைச் செல்போனில் ஏற்றுவதற்கு டவர் கிடைக்காமல், கரைமேல் ஏறி நின்று, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, மணியைப் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். பரளச்சியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர் அது. அங்கே டவரும் மழையும் ஒரே மாதிரி. வருகிறது வருகிறது என்று சொல்வார்கள், அவ்வளவுதான்.

தங்கமாரி நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். பெயரைக் கேட்டுப் பெரிய பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யார் யார் வந்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும், படம் எடுத்து ஏற்ற வேண்டும், வெயிலில் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மற்றவர்களைவிட அவளுக்குக் கூடுதலாகக் கிடைப்பது வசவு மட்டும்தான். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புப் படித்ததற்கு ஊரில் அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்த நோட்டு. அதைக் கைப்பையில் வைத்துத் துணியால் சுற்றித்தான் கொண்டுவருவாள்.

கீழே பதினோரு பெண்கள் ஒரு குழியில் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தார்கள். குழியின் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண்ணை வெட்டாமல் தூண்போல விட்டுவைப்பது வழக்கம். வெட்டுவதற்கு முன் தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அதை வைத்துத்தான் அளப்பார்கள். அதற்குப் பெயர் சாட்சி. அந்தச் சாட்சியின் ஓரமாக மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்தவள் வெள்ளைத்தாய். தங்கமாரியின் புருஷன் ஆண்டிச்சாமிக்கு உடன்பிறந்த அக்கா. ஐம்பது வயது தாண்டியும் மண்வெட்டி பிடிப்பதில் அவளுக்கு ஈடு கொடுக்க ஆள் இல்லை. பேச்சு மட்டும் வராது. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை, அதுவும் பாதி முந்தானைக்குள் போய்விடும்.

அவள் மண்வெட்டிதான் 'ணங்' என்றது. கரிசல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சிறிய கலயம் பாதியாக உடைந்து வந்தது. மீதிப் பாதி சாட்சி மண்ணுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து பழைய சட்டைப் பொத்தான்கள் மாதிரி கறுத்த வட்டங்கள் பொலபொலவென்று கொட்டின.

டீ போட மூட்டியிருந்த அடுப்பில் சாம்பலை அள்ளி ஒன்றைத் தேய்த்துப் பார்த்தவள் தெரசாள். இரண்டு தேய்ப்பில் வெள்ளி மினுங்கியது. மூன்றாவது தேய்ப்பில் ஒரு மூக்கு வந்தது.

"யாத்தே, ஆளு மொகமுல்ல இருக்கு. தலையில எலையைச் சுத்தியிருக்கான் பாருங்கடி. வெளிநாட்டு ராசா."

பின்பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். நடுவில் இரண்டு கேடயம், இரண்டு வேல். கருப்பசாமியும் முனியசாமியும்தான் என்று ஒருத்தி சொல்ல, வெள்ளைத்தாய் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

தங்கமாரி கரையிலிருந்து ஓடி வந்தாள். யார் மடியிலும் எதுவும் போகக்கூடாது என்று முதலில் சொன்னாள். பிறகு தன் துண்டை விரித்து எல்லாவற்றையும் பரப்பச் சொல்லி, படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் செல்வதுரைக்கு அனுப்பினாள். அதிசயமாக அப்போது பார்த்து டவர் வந்து தொலைத்தது. வெள்ளைத்தாய் துண்டில் கிடந்ததையெல்லாம் பொறுக்கித் தன் தூக்குவாளியில் போட்டு மூடினாள். செல்வதுரை வருவதற்குள் பால்ச்சாமியின் பொலிரோ வந்து நின்றது.

பால்ச்சாமி முன்னாள் தலைவர். பதவி முடிந்து நாளாகிவிட்டது. ஆனால் ஊரில் யாருக்கும் அது முடிந்த மாதிரி தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அடுத்த தேர்தலில் பெரிய மகன் தங்கபாண்டியை நிறுத்தப் போகிறார், அதற்கடுத்து சின்னவன் மாரிசெல்வம் என்று வரிசையும் போட்டாயிற்று. கண்மாய்க் கரையை ஒட்டி அவருக்கு ஆறு ஏக்கர் புஞ்சை இருந்தது. தூக்குவாளியைத் திறந்து ஒரு காசை எடுத்து, முன்னே பின்னே திருப்பிப் பார்த்தார். அப்பன் ஒரு பக்கம், பிள்ளைகள் மாதிரி இரண்டு பேர் மறுபக்கம். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

மறுநாள் புதன்கிழமை காலை, பரளச்சி பஸ் நிறுத்தத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி பிளக்ஸ் நின்றது. நடுவில் பால்ச்சாமி கும்பிட்டபடி. இந்தப் பக்கம் தங்கபாண்டி, அந்தப் பக்கம் மாரிசெல்வம், இருவரும் வெள்ளைச் சட்டையில். பால்ச்சாமியின் தலைக்குப் பின்னால் அந்த வெள்ளிக்காசு, சாமி படத்து ஒளிவட்டம் போலப் பெரிதாக. 'ரோமாபுரியோடு வணிகம் செய்த வம்சமே, தன் புஞ்சையில் புதையல் கண்டு நாட்டுக்கு அளித்த நாயகரே' என்று எழுதியிருந்தது. எந்த நாட்டுக் காசு என்று மகன்கள் ராத்திரியே செல்போனில் தேடிப் பிடித்திருக்கிறார்கள். தங்கமாரி பஸ்ஸில் இருந்தபடி அதைப் படித்தாள். 'தன் புஞ்சையில்' என்ற இடத்தில் இரண்டாம் முறை படித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் செல்வதுரை கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்லவராக இருக்க அவரை யாரும் விடுவதில்லை. மேஜைக்கு எதிரே பால்ச்சாமி உட்கார்ந்திருந்தார். ஒரு தாள் எழுதித் தயாராக இருந்தது. பானை கிடைத்தது பால்ச்சாமியின் புஞ்சையில், அவர் வரப்பு வெட்டும்போது. வேலைக்கு வந்திருந்த பெண்கள் பொறுக்க உதவினார்கள். பணித்தளப் பொறுப்பாளர் இதை உறுதி செய்கிறார்.

"ஒரு கையெழுத்துத்தான்மா," என்றார் செல்வதுரை, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பானை எங்க கெடந்துச்சு தங்கமாரி?" என்று பால்ச்சாமி கேட்டார்.

"கம்மாய்க்குள்ள. எங்க குழியில."

"எம் புஞ்சையிலயும் கெடந்திருக்கலாம்ல?"

"கெடந்திருக்கலாம் தலைவரே. கெடக்கல."

பால்ச்சாமி சிரித்தார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். "எம் பேரைப் போட்டா ஒனக்கு என்னத்தா கொறஞ்சு போகும்? காசு எப்படியும் கவர்மெண்டுக்குத்தான். எனக்கும் இல்ல, ஒனக்கும் இல்ல."

என்ன குறைந்துபோகும் என்பது தங்கமாரிக்கு மனசுக்குள் ஒன்றொன்றாக வந்தது. கண்மாய் மடையைக் கட்டியது அவள் மாமனாரும் அவர் கூட்டாளிகளும். கல்லில் இருப்பது பால்ச்சாமியின் அப்பா பெயர். பள்ளிக்கூடத்துக்கு மண் சுமந்தது காலனிப் பெண்கள். சுவரில் இருப்பது பால்ச்சாமி பெயர். தண்ணீர்த் தொட்டி, நிழற்குடை, சுடுகாட்டுக் கொட்டகை என்று ஊரில் நின்றுகொண்டிருக்கிற எதைப் பார்த்தாலும் அந்தப் பெயர்தான். செத்து எரிகிற இடத்திலும் அவர் உபயம்தான். இப்போது மண்ணுக்கடியில் இருந்ததற்கும் அதே பெயரா என்று நினைத்தபோது அவளுக்கு எரிந்தது.

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள்.

பால்ச்சாமி தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். தங்கமாரி எடுத்து அனுப்பிய அதே படம். துண்டில் பரப்பிய காசுகள்.

"எண்ணிப் பாரு. நாப்பத்தொண்ணு. இங்க பீரோவுக்குள்ள இருக்குறது நாப்பது. செல்வதுரை சாருதான் எண்ணுனாரு. ஒண்ணு எங்க? பொதையலை ஒளிச்சா என்ன கேஸுன்னு சாருகிட்ட கேளு. பதினோரு பொம்பளைகளையும் ஸ்டேஷன்ல வச்சு வெசாரிப்பாக. தொல்லியல் மேடம் வெள்ளிக்கெழம வாராக. அதுக்குள்ள யோசிச்சுக்க. பேப்பருல கையெழுத்து இருந்தா, எண்ணுனதுல தப்புன்னு நாங்களே பாத்துக்கிருவோம்."

தங்கமாரி எண்ணினாள். நாற்பத்தொன்று. அவள் எடுத்த படமே அவள் கழுத்தில் கயிறாக வந்து விழுந்தது. எழுந்து வெளியே வந்தாள்.

காசுகளைப் பொறுக்கி வாளியில் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் நேரே வெள்ளைத்தாய் வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மதினி, எங்க வச்சிருக்கீக?"

வெள்ளைத்தாய் அடுப்பங்கரைக்குப் போய்க் கருவாட்டு டப்பாவைத் திறந்து, உப்புக்கும் சாளைக் கருவாட்டுக்கும் அடியில் கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தாள். அந்த வாடைக்குள் எவனும் கை விட மாட்டான் என்று யோசித்து வைத்திருக்கிறாள். பொட்டலத்துக்குள் ஒரே ஒரு காசு. அதே இலை சுற்றிய தலை, அதே மூக்கு. ஆனால் நெற்றியோரத்திலிருந்து தாடை வரைக்கும், கன்னத்தின் குறுக்கே, ஆழமாக ஒரு வெட்டு.

"எம் மம்பெட்டி பட்டுருச்சு," என்றாள் வெள்ளைத்தாய். "ராசா மொகத்த வெட்டிப்புட்டேன்."

அப்போதுதான் தங்கமாரிக்குப் புரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ரோட்டோரம் வாய்க்கால் வெட்டும்போது வெள்ளைத்தாயின் மண்வெட்டி பூமிக்குள் போன போன் கேபிளை வெட்டிவிட்டது. அங்கே கேபிள் கிடப்பதாக யாரும் சொல்லவில்லை. சொல்லாதவர்களையெல்லாம் விட்டுவிட்டு வெட்டியவளை ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். கவர்மெண்டு சொத்து, கவர்மெண்டு சொத்து என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் அவள் பேச்சு இன்னும் சுருங்கிப் போனது. துண்டில் பரப்பியிருந்த காசுகளில் இந்த வெட்டைப் பார்த்ததும் அவளுக்கு அந்த வாசல் ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு கேபிளுக்கே இரண்டு நாள் என்றால், ராஜா முகத்துக்கு எத்தனை வருஷம்?

"கெணத்துல போட்டுறவா?" என்று கேட்டாள்.

"போட்டா நாப்பத்தொண்ணு நாப்பதாவே இருக்கும் மதினி. எல்லாரும் உள்ள போவோம்."

"அப்ப நீ கையெழுத்தப் போட்டுரு தங்கமாரி. என்னால ஒனக்கு வம்பு வேணாம்."

தங்கமாரிக்கு அழுகை வரும்போலிருந்தது. அழுகையைவிடக் கோபம் முந்திக்கொண்டது. ஒரு மூலையில் கிடந்த மனுஷியை இப்படி நடுங்க வைத்திருக்கிறார்களே என்ற கோபம். அவள் அந்தக் காசை வாங்கித் திரும்பப் பொட்டலத்திலேயே மடித்தாள். "கையெழுத்துப் போட மாட்டேன். காசையும் மறைக்க மாட்டேன். வெள்ளிக்கெழம அந்த மேடம்கிட்ட நானே குடுத்து, நாந்தான் எடுத்து வச்சிருந்தேன்னு சொல்லீருவேன். பொறுப்பாளரு நானு. எங்கிட்ட இருந்தா அது பத்திரமா வச்சதுன்னு ஆகும்."

அப்படி ஆகாது என்று அவளுக்கே தெரியும்.  வெள்ளைத்தாய் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "வெள்ளிக்கெழம தாரேன்," என்றாள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை முழுவதும் வெள்ளைத்தாய் வழக்கத்தைவிட வேகமாக மண் வெட்டினாள் என்று தெரசாள் சொன்னாள். தங்கமாரிக்கு அதைக் கவனிக்கிற நிலைமை இல்லை. நோட்டில் ஒரே பெயரை இரண்டு முறை எழுதி அடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே கண்மாய்க்குள் ஜேசிபி சத்தம் கேட்டது. கரை மராமத்தாம். ஆறு மாதமாக நடக்காத மராமத்துக்கு அன்றைக்குத்தான் நல்ல நாள் அமைந்திருக்கிறது. தங்கபாண்டி முன்னால் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான், கரைப்பக்கம் அல்ல, குழிப்பக்கம். தங்கமாரிக்குச் சட்டென்று விளங்கியது. பானையின் பாதி இன்னும் சாட்சி மண்ணுக்குள் இருக்கிறது. அதை மட்டப்படுத்திவிட்டால் பானை எங்கே வேண்டுமானாலும் கிடைத்திருக்கலாம்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. குழிக்குள் இறங்கிப் போய்ச் சாட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெரசாள் வந்து உட்கார்ந்தாள். சுமதி, தங்கலட்சுமி, ப்ரியா என்று ஒவ்வொருத்தியாக வந்து, தலைச்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். கடைசியாக வெள்ளைத்தாய் வந்தாள். வெற்றிலைப் பையைக்கூடத் திறந்தாயிற்று.

"ஏய், எந்திரிங்க. வேலை நடக்கணும்," என்றான் தங்கபாண்டி.

"எங்களுக்கும் வேலைதான். நோட்டுல பேரு எழுதியாச்சு," என்றாள் தங்கமாரி.

ஜேசிபி ஓட்டிய இம்மானுவேல் மல்லாங்கிணற்றுக்காரன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தான். "ஆளுக உக்காந்திருக்காகண்ணே. நான் எப்பிடி விடுறது? நீங்க வேணா ஏறி ஓட்டுங்க," என்று சாவியை நீட்டினான். தங்கபாண்டி சாவியை வாங்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டான்.

பத்து மணிக்குத் தொல்லியல் துறையிலிருந்து ஜாய்ஸ் வந்து சேர்ந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தோளில் ஒரு பை, கையில் அளவு நாடா, முகமெல்லாம் வேர்வை. கூடவே பால்ச்சாமி, சின்ன மகன், சீல் வைத்த டப்பாவோடு செல்வதுரை. பால்ச்சாமி அலுவலகத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாராம். இடத்தைப் பார்க்காமல் எதுவும் எழுத மாட்டேன் என்று அவள் கிளம்பிவிட்டாளாம்.

முதலில் டப்பாவைத் திறந்து, வேப்பமர நிழலில் ஒரு வெள்ளைத்துணி விரித்து, காசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்த காசைப் பார்த்ததும் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். "யாருக்கா இதத் தேச்சது?" என்று கேட்டதற்குத் தெரசாள் ஆகாயத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துனது. ரோம் ராஜா அகஸ்டஸ்," என்றாள் ஜாய்ஸ்.

தெரசாள் நிமிர்ந்தாள். "கிறிஸ்மஸ் அன்னைக்குக் கோயில்ல வாசிக்கிறப்ப வருவானே, எல்லாரையும் பேரெழுதச் சொன்ன அகுஸ்துராயன், அவனா?"

"அவரேதான்க்கா. பின்னாடி நிக்கிறது அவர் வாரிசுக. பேரப்பிள்ளைகளை மகன்களாத் தத்தெடுத்துக்கிட்டார். எனக்கப்புறம் இவங்கதான்னு ஜனங்க மனசுல பதியணும்னு ரெண்டு பேரையும் காசுல போட்டு ஊரு ஊரா அனுப்பினார். அப்ப பேப்பர் இல்ல, டிவி இல்ல. காசுதான் கைக்குக் கை போகும். நம்ம பக்கம் கிடைக்கிற வெள்ளிக்காசுல இந்த ரகம் நிறைய."

"பிளக்ஸ் மாதிரி," என்றாள் ப்ரியா. யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

"அப்பறம் அந்தப் பயலுகதான் ராசா ஆனாங்களா?" என்று கேட்டாள் தெரசாள்.

"இல்லக்கா. ரெண்டு பேருமே அவருக்கு முந்தியே போயிட்டாங்க. வேற ஒருத்தர்தான் வந்தார்."

மாரிசெல்வம் அண்ணனைப் பார்த்தான். தங்கபாண்டி செல்போனைப் பார்த்தான்.  பால்ச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார்.

"வரலாறு இருக்கட்டும் மேடம். இது வாக்குமூலம். எம் புஞ்சையில கெடச்சது. பொறுப்பாளரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. போடுத்தா."

தங்கமாரி எழுந்தாள்.  "இது பொய். பானையில பாதி இந்தச் சாட்சி மண்ணுல இருக்கு. காலையில ஏழு மணிக்கு இதை மட்டமாக்க ஜேசிபி விட்டாங்க. நாங்க உக்காந்து காவல் காத்தோம். நீங்களே எறங்கிப் பாருங்க மேடம்."

ஜாய்ஸ் குழிக்குள் இறங்கினாள். சாட்சியின் பக்கவாட்டில் வளைந்து நின்ற பானை ஓட்டைத் தூரிகையால் தட்டிப் பார்த்தாள், நாடாவைப் பிடித்து அளந்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். பால்ச்சாமி அதுவரை வைத்திருந்த சிரிப்பை மடித்து வைத்துவிட்டார்.

"சரி மேடம். எடம் எங்கயோ இருக்கட்டும். திருட்டுக்கு என்ன பண்ணப் போறீக? இந்தப் படத்துல நாப்பத்தொண்ணு. டப்பாவுல நாப்பது. ஒண்ணை இந்தப் பொம்பளைக எடுத்துட்டாக."

தங்கமாரி வாயைத் திறந்தாள். "அது எங்கிட்டத்தான்..." என்று தொடங்கும்போதே பின்னால் தலைச்சட்டி நகர்ந்தது. வெள்ளைத்தாய் எழுந்து நின்றாள்.

"நாந்தான் எடுத்தேன். அவளுக்குச் சம்பந்தமில்ல," என்றாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்தப் பெண்கள் யாரும் கேட்டதில்லை. மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து வெள்ளைத்துணியில் வைத்தாள். "இந்த ராசா மொகத்த வெட்டுனதும் நாந்தான். எம் மம்பெட்டிதான். என்னைய எங்க கூட்டிட்டுப் போகணுமோ போங்க. கேபிளுக்கு ரெண்டு நாளு உக்காந்தேன். இதுக்கு எத்தன நாளுன்னாலும் உக்காருறேன். ஆனா பானை எங்க குழியில கெடந்தது. அத மாத்தி எழுதக் கூடாது."

தங்கமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. மதினியின் கையைப் பிடித்தாள். 

ஜாய்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். கருவாட்டு வாடை அடித்ததில் ஒரு நொடி மூக்கைச் சுளித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்து, காசை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, இத நீங்க வெட்டல."

"நாந்தான்..."

"இல்லம்மா. மண்வெட்டி வெட்டியிருந்தா உள்ள வெள்ளை வெளேர்னு புதுசா மின்னும். இங்க பாருங்க, வெட்டுக்குள்ளயும் வெளிய இருக்குற அதே கறுப்பு ஏறியிருக்கு. இது உளி வச்சு அடிச்சது. பானைக்குள்ள போறதுக்கு முந்தியே வெட்டுன வெட்டு. இப்படி வெட்டுப்பட்ட காசு நம்ம நாட்டுல வேற எடத்துலயும் கிடைச்சிருக்கு."

"எதுக்கு வெட்டுனாங்க?" என்று கேட்டாள் தங்கமாரி.

"உறுதியாத் தெரியலக்கா. உள்ள நெசமான வெள்ளிதானான்னு பாக்கன்னு சிலர் சொல்றாங்க. ஒன் மொகம் இங்க செல்லாதுன்னு காட்டன்னும் சிலர் சொல்றாங்க. ஆனா இந்தப் பக்கம் வந்தப்புறம்தான் வெட்டியிருக்கணும்னு நினைக்கிறோம். இங்க இருந்த யாரோ."

இங்கே இருந்த யாரோ. தங்கமாரி அந்தக் காசையே பார்த்தாள். கடல் தாண்டி வந்த ராஜா. தன் முகத்தையும் தன் வாரிசையும் அடித்து உலகம் பூராவும் அனுப்பியவன். இந்தக் காய்ந்த பூமியில் எவனோ ஒருவன், எவளோ ஒருத்தி, அவனைக் கல்லில் வைத்து, உளியை எடுத்து, கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது.

ஜாய்ஸ் காசை ஒரு சின்ன உறையில் போட்டு எண் எழுதினாள். "கணக்கெடுக்க நான் இன்னைக்குத்தான் வந்திருக்கேன். இது என் கைக்கு வந்தாச்சு. நாப்பத்தொண்ணும் சரி. திருட்டுன்னு எதுவும் இல்ல சார்." நோட்டைப் புரட்டினாள். "கண்டெடுத்தவர் பேரு?"

பால்ச்சாமி லேசில் விடுகிற ஆள் இல்லை. குரலைத் தேனாக்கிக்கொண்டார். "பொதுவா 'ஊர்ப் பொதுமக்கள்'னு போட்டுருங்க மேடம். யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்."

"ஊர்ப் பொதுமக்கள் யாரும் குழிக்குள்ள எறங்கல," என்றாள் தங்கமாரி. கைப்பையைத் திறந்து, துணியைப் பிரித்து, வருகை நோட்டை எடுத்தாள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தாள். "பதினோரு பேரு. நான் வாசிக்கிறேன், நீங்க எழுதுங்க. மொதல்ல மம்பெட்டி பிடிச்சவுக. வெள்ளைத்தாய்."

"தங்கமாரி," என்றார் பால்ச்சாமி. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு அந்த நோட்டு உங்கையில இருக்காது."

"இருக்காது தலைவரே. இன்னைக்கு இருக்குல்ல. எழுதுங்க மேடம். தெரசாள். சுமதி. தங்கலட்சுமி. ப்ரியா."

பெயரைக் கேட்டதும் ஒவ்வொருத்தியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. பதினோரு பெயரும் முடிவதற்குள் செல்வதுரை அந்தப் பழைய தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பொலிரோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு கரையேறியது. ஜேசிபிக்குள் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த இம்மானுவேலை யாரும் கூப்பிடவில்லை.

ஜாய்ஸ் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிப் பூட்டப் போனாள். வெள்ளைத்தாய் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தக் காச ஒருக்கா காட்டுங்க."

ஜாய்ஸ் உறையோடு அவள் உள்ளங்கையில் வைத்தாள். வெள்ளைத்தாய் வெட்டின்மேல் கட்டை விரலை வைத்து மெல்லத் தடவினாள்.

"நெசமாவே நான் வெட்டலயா?"

"சத்தியமா இல்லம்மா. நீங்க பயப்படாதீங்க."

"பயத்துல கேக்கல," என்றாள் வெள்ளைத்தாய், காசைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "நாந்தான் வெட்டுனேன்னு நாலு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். மொத ரெண்டு நாளுதான் பயமா இருந்துச்சு."